மெஷின்கள் தாங்களே பேசி ஓடரைப் பிரித்துக்கொள்ளுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அச்சுமை (திங்கள், இரவு 9.15)

வணக்கம். பேலியகொட பக்கம் காட்போட் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தித் திட்டமிடல் என் வேலை. தேயிலை, பிஸ்கட், தேங்காய்ப்பால், உடுப்பு என்று கப்பலேறும் சாமான்களுக்குத்தான் பெரும்பாலும் பெட்டி அடிக்கிறோம். முதலில் கொறுகேற்றர் என்ற பெரிய மெஷின் கடதாசி ரீல்களை ஒட்டி மட்டையாக்கும். அந்த மட்டை பிளெக்ஸோ மெஷினுக்குப் போய் அச்சாகும். பிறகு டை வெட்டு, ஒட்டு, கட்டு, லொறி.

தினமும் காலை 7 மணிக்கு எக்செல் தாளை அச்சிட்டு ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒட்டுவேன். 9 மணிக்கெல்லாம் அதில் பாதி பிழையாகிவிடும்.

போன வியாழன் நடந்தது இது. இரவு பெய்த மழையில் லொறியில் வந்த ரீல் இரண்டு நனைந்துவிட்டன. கொறுகேற்றரில் நின்றவர் அந்த ஓடரை விட்டுவிட்டு அடுத்ததை ஏற்றினார். முதலாம் பிளெக்ஸோவில் பிளேட் மாட்டி, சிவப்பு மை ஊற்றி, தயாராக நின்றார்கள். மட்டை வரவில்லை. அந்த ஓப்பரேட்டர் இரண்டாம் மெஷின்காரரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார், மைத் தொட்டியைத் தொட்டுக் காட்டினார். அவர் தலையாட்டினார். சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்காது, ஆனாலும் ஓடர்கள் கைமாறிவிட்டன. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதே மாற்றத்தை நான் எக்செல்லில் ஏற்றி, டை வெட்டுக்கும் டெலிவரிக்கும் சொல்லி முடிக்க 40 நிமிடம் போனது. அதற்குள் லொறி வராத பெட்டிக்காக வாசலில் நின்றது.

இந்த மாதம் ஒரு சொப்ட்வெயர் கொம்பனிக்காரர்கள் வந்து கதைத்தார்கள். மெஷினுக்கு ஒரு ஏஜென்ட் (அதன் சார்பில் பேசும் சின்ன மென்பொருள்), ஓடருக்கு ஒரு ஏஜென்ட், அவை தங்களுக்குள் பேரம் பேசித் திட்டத்தைத் தாங்களே திருத்திக்கொள்ளும் என்றார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்தக் கைச் சைகைதான் ஞாபகம் வந்தது. அவர்கள் சொல்வதும் அதுதானா? கொழும்பில் யாராவது உண்மையில் செய்து பார்த்திருக்கிறீர்களா? நிர்வாகம் என்னிடம் அபிப்பிராயம் கேட்டிருக்கிறது. தெரியாமல் எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை.

நூல்கண்டு (திங்கள், இரவு 10.02)

ஓம், அதுதான். உங்கள் ஓப்பரேட்டர்கள் கையால் செய்ததற்கு 1980இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். ரீட் ஸ்மித் என்ற ஆய்வாளர் எழுதிய 'ஒப்பந்த வலை' முறை. வேலை வைத்திருப்பவர் எல்லோருக்கும் அறிவிப்பார். செய்யக்கூடியவர்கள் "எனக்கு இவ்வளவு ஆகும்" என்று ஏலத்தில் விலை கேட்பது போலக் கேள்வி போடுவார்கள். அறிவித்தவர் ஒன்றைத் தெரிவுசெய்து வேலையைக் கொடுப்பார். அவர் இதைத் தொழிற்சாலைக்காக எழுதவில்லை. பல இடத்தில் சிதறியிருக்கும் உணர்கருவிகளை ஒன்றாக வேலை செய்ய வைப்பதுதான் அவருடைய உதாரணம். தொழிற்சாலைக்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேயிலை ஏலம் போதும். 1883 முதல் இங்கே நடக்கிறது, 2020இல் கொரோனா வந்தபோது கணினிக்கு மாறியது. ஒரு லொட்டைச் சொல்வார்கள், வாங்குபவர்கள் விலை கேட்பார்கள், விழும். ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்க வேண்டாம். ஏலத்தில் கேட்பவர் தன் காசைக் கொண்டு கேட்கிறார், பிழையாகக் கேட்டால் நட்டம் அவருக்கு. மெஷினுக்குச் சொந்தக் காசு இல்லை. அது சொல்வது ஒரு நேரக் கணக்கு மட்டும். அந்தக் கணக்குப் பிழைத்தால் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது, உங்களுக்குத்தான் ஆகும். இதைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது, நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன். நான் பியகம பக்கம் உடுப்புத் தொழிலில் 14 வருடம்.

லேத் (செவ்வாய், காலை 6.20)

தம்பி, உங்களுடைய மைக் கதை அப்படியே அமெரிக்காவில் நடந்திருக்கிறது. ஜெனரல் மோட்டர்ஸுக்கு போர்ட் வெய்ன் என்ற இடத்தில் டிரக் தொழிற்சாலை. பெயின்ட் அடிக்கும் அறைகள் பல. எந்த டிரக் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று மேலிருந்து திட்டம் போட்டுப் பார்த்துச் சரிவரவில்லை. அறை ஒன்று பழுதானால் முழுத் திட்டமும் குழம்பும். 1990களில் டிக் மோர்லி என்பவர் அதைத் திருப்பிப் போட்டார். ஒவ்வொரு அறையும் வரும் டிரக்குக்குக் கேள்வி போடும். தன்னிடம் இப்போது இருக்கும் நிறமே வேண்டும் என்றால் மலிவாகக் கேட்கும். நிறம் மாற்ற வேண்டும் என்றால் விலையைக் கூட்டும். பழுதான அறை கேட்காது, அவ்வளவுதான். நிறம் மாற்றும்போது கழுவி ஊற்றும் பெயின்ட் குறைந்தது.

மோர்லி சாதாரண ஆள் இல்லை. 1968இல் பீஎல்சி என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியை யோசித்தவர் அவர்தான். இன்று இரத்மலானையில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் அந்த வம்சத்துப் பெட்டி ஒன்று இருக்கும். மெஷினின் நரம்பைத் தெரிந்த ஆள் ஏஜென்ட் பக்கம் வந்தார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

சரி, ஒரு கேள்வி. உங்கள் பிளெக்ஸோ மெஷின் தான் ஓடுகிறதா நிற்கிறதா என்று வெளியே சொல்லுமா? அது தெரியாமல் எந்த ஏஜென்டும் பேரம் பேச முடியாது.

அச்சுமை (செவ்வாய், மாலை 7.40)

நன்றி அக்கா, அண்ணா. அந்தப் பெயின்ட் கதையை எங்கள் ஓப்பரேட்டரிடம் இன்று சொன்னேன். சிங்களத்தில்தான் கதைப்போம். "அதைத்தானே நாங்கள் செய்கிறோம்" என்றார். வெளிர் நிறத்திலிருந்து கடும் நிறத்துக்குப் போனால் மேலோட்டமாக அலசினால் போதும். கடும் நிறத்திலிருந்து வெளிருக்கு வந்தால் உருளை, குழாய், தொட்டி எல்லாம் முழுதாகக் கழுவ வேண்டும்.

இரண்டாம் மெஷின் புதிது, பீஎல்சி இருக்கிறது. முதலாம் மெஷின் என்னைவிடப் பழையது. அதில் ஒரு எண்ணும் சக்கரம் மட்டும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலாம் மெஷினில் மஞ்சள் மை, சும்மா நிற்கிறது. இரண்டாம் மெஷினில் கரும்பச்சை, கையில் உள்ள வேலை முடிய இன்னும் 30 நிமிடம். 4,000 சிவப்புப் பெட்டி ஓடர் ஒன்று கேள்வி கோருகிறது என்று வைப்போம். முதலாம் மெஷின் சொல்லும்: அலச 10, பிளேட் மாட்ட 12, நிமிடத்துக்கு 60 பெட்டி வீதம் அச்சடிக்க 67, மொத்தம் 89 நிமிடம். இரண்டாம் மெஷின் சொல்லும்: காத்திருக்க 30, முழுதாகக் கழுவ 25, பிளேட் 12, நிமிடத்துக்கு 100 வீதம் 40, மொத்தம் 107. ஓடர் முதலாம் மெஷினுக்குப் போகும். நானும் அப்படித்தான் கொடுத்திருப்பேன். எக்செல் இல்லாமலே வந்துவிட்டது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

கணக்கு (செவ்வாய், இரவு 11.30)

மொறட்டுவையில் படிக்கிறேன், இறுதி வருடம். அண்ணா, உங்கள் கணக்கையே இன்னும் ஒரு அடி தள்ளிப் பார்க்கலாமா?

சிவப்பு ஓடரை முதலாம் மெஷினுக்குக் கொடுத்துவிட்டீர்கள். பட்டியலில் அடுத்தது 6,000 மஞ்சள் பெட்டி. இப்போது அது கேள்வி கோருகிறது. முதலாம் மெஷின் 89 நிமிடம் வரை சிவப்பில் இருக்கும், பிறகு முழுக் கழுவல் 25, பிளேட் 12, அச்சு 100. மொத்தம் 226. இரண்டாம் மெஷின்: 30, 25, 12, 60, மொத்தம் 127. ஆகவே மஞ்சள் இரண்டாம் மெஷினுக்குப் போகும். 89க்கு ஒன்று, 127க்கு ஒன்று முடியும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால்? மஞ்சள் மை ஏற்கனவே இருக்கும் முதலாம் மெஷினில் மஞ்சளை ஓட்டுங்கள்: 12ம் 100ம் சேர்ந்து 112. சிவப்பு இரண்டாம் மெஷினில் 107. இரண்டும் 112 நிமிடத்தில் முடிகின்றன, ஒரு அலசலும் மிச்சம். இரண்டும் ஒரே லொறியில் போகும் சாமான் என்றால் லொறி 15 நிமிடம் முந்திக் கிளம்பும்.

சிவப்பு ஓடரின் ஏஜென்ட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. தனக்குக் குறைந்த நேரம் எதுவோ அதை எடுத்தது. ஆனால் அதன் பார்வை அவ்வளவுதான். ஒப்பந்த வலையின் பழைய நோய் இது, கிட்டப்பார்வை.

அப்படியானால் முழுத் திட்டத்தையும் ஒன்றாகக் கணக்கிட மத்தியில் ஒரே ஒரு தீர்வு மென்பொருள் போதாதா? 1963இல் பிஷரும் தொம்சனும் 10 வேலை, 10 மெஷின் என்று ஒரு கணக்கை வெளியிட்டார்கள். எல்லா வேலையும் முடிய மிகக் குறைந்த நேரம் 930 அலகு என்று நிரூபிக்க 1989 வரை ஆனது. 26 வருடம்! ஏஜென்ட் ஆட்கள் "மத்தியிலிருந்து திட்டமிட முடியாது" என்று சொன்னதற்கு அது போன்ற கணக்குகள் துணை நின்றன. இன்று அதே கணக்கை இலவச மென்பொருள் ஒன்று என் லப்டொப்பில் சில நொடியில் முடித்து, இதைவிட நல்லது இல்லை என்றும் சொல்கிறது. இரண்டு பிளெக்ஸோவுக்கும் ஒரு கொறுகேற்றருக்கும் ஏஜென்ட் எதற்கு?

லேத் (புதன், காலை 6.05)

தம்பியின் கணக்கு சரி. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் நான் 2022 மார்ச் கடைசியை மறக்கவில்லை. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. டீசலும் இல்லை. அந்த நாட்களில் எந்த மெஷின் எப்போது ஓடும் என்று யாருக்குத் தெரியும்? சில நொடியில் விடை வரும் மென்பொருளுக்கும் சரியான கேள்வியை யாராவது கொடுக்க வேண்டும். எந்த மெஷின் உயிரோடு இருக்கிறது, எந்த ரீல் நனைந்தது, யார் வேலைக்கு வரவில்லை என்பதெல்லாம் மத்தியில் இருக்கும் கணினிக்குத் தானாகத் தெரியாது. அது மெஷின் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியும். நான் ஏஜென்ட் பக்கம் சாய்வது இதனால்தான்.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் டைம்லர் கார்க் கொம்பனிக்காரர்கள் 1990களின் இறுதியில் சிலிண்டர் ஹெட் செய்யும் லைனில் இதைச் செய்தார்கள். திட்டம் என்று ஒன்றே இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஏஜென்ட், ஒவ்வொரு மெஷினுக்கும் ஒன்று, பாதை மாற்றும் இடத்துக்கும் ஒன்று. துண்டு தனக்கு வேண்டிய வேலையைக் கேட்கும், மெஷின்கள் கேள்வி போடும். அதில் எனக்குப் பிடித்த நுட்பம் இதுதான்: ஒவ்வொரு மெஷினுக்கும் கையில் வைத்திருக்கக்கூடிய துண்டுகளுக்கு ஓர் எல்லை உண்டு. எல்லை நிறைந்தால் அது கேள்வி போடுவதை நிறுத்திவிடும். கீழே அடைத்துக்கொண்டால் மேலே உள்ள மெஷினும் தானாக நிறையும், அதுவும் நிறுத்தும். அடைப்பு எங்கே இருக்கிறது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, அது தானாகவே மேல்நோக்கிப் பரவும். இருந்த லைனைக் கழற்றாமல் அதற்குப் பக்கத்தில் மாற்றுப் பாதையாகத்தான் வைத்தார்கள். அதையும் கவனியுங்கள்.

உங்கள் தொழிற்சாலையில் மட்டை எங்கே குவிகிறது?

அச்சுமை (புதன், மதியம் 1.10)

பிளெக்ஸோவுக்கு முன்னால். கொறுகேற்றர் நிற்கக்கூடாது என்பது எங்கள் வேதவாக்கு, நீராவி போட்டுச் சூடாக்கிய மெஷினை நிறுத்த மனம் வராது. அது ஓடிக்கொண்டே இருக்கும், மட்டை மலையாகக் குவியும். பிறகு வேண்டிய மட்டை அந்த மலையின் அடியில் இருக்கும். ஃபோர்க்லிப்ட்காரர் நான்கு கட்டைத் தூக்கி ஐந்தாவதை எடுக்க வேண்டும். அந்த எல்லை விஷயம் எனக்குச் சுருக்கென்று பட்டது. சாப்பாட்டு நேரம் முழுக்க அதைத்தான் யோசித்தேன்.

நூல்கண்டு (புதன், இரவு 9.50)

சொன்னபடி என் அனுபவம். தொழிற்சாலையின் பெயர் வேண்டாம்.

16 தையல் லைன். புது ஸ்டைல் வரும்போது எந்த லைனுக்குக் கொடுப்பது என்பது தினமும் சண்டை. அதற்கு ஏஜென்ட் முறை போட்டோம். ஒவ்வொரு லைனும் "இந்த ஸ்டைலை இத்தனை நாளில் முடிப்பேன்" என்று கேள்வி போடும். கணக்குக்கு வேண்டிய தரவை லைன் சூப்பர்வைசர் ஏற்றுவார். முதல் மாதம் மிக அழகாக ஓடியது. உண்மையில் நான் பெருமைப்பட்டேன்.

இரண்டாம் மாதம் கேள்வியில் போடும் நாட்கள் மெல்ல மெல்லக் கூடத் தொடங்கின. காரணம் கண்டுபிடிக்க எனக்கு மூன்று கிழமை ஆனது. இலக்கை அடைந்த லைனுக்கு ஊக்கத்தொகை உண்டு. கேள்வியில் சொன்ன நாள்தான் இலக்காகிவிட்டது. ஆகவே ஐந்து நாள் வேலைக்கு ஏழு நாள் என்று ஏற்றினால் ஊக்கத்தொகை நிச்சயம். கஷ்டமான ஸ்டைல் என்றால் பத்து நாள் என்று போட்டுத் தட்டிக் கழிக்கலாம். உண்மை சொன்ன ஒரே ஒரு லைனுக்கு எல்லாக் கஷ்டமான ஸ்டைலும் போய்ச் சேர்ந்தது. அந்த லைனில் வேலை செய்த பிள்ளைகள் இரவு 8 மணிவரை நின்றார்கள். அந்த சூப்பர்வைசர் அக்கா ஒரு நாள் என்னிடம் வந்து, "நான் சரியாகச் சொன்னதற்கா இது?" என்று கேட்டார். எனக்குப் பதில் இருக்கவில்லை.

உண்மை சொல்வதே லாபம் என்று ஆக்கும் ஏல முறைகள் உண்டு. வில்லியம் விக்ரி 1961இல் எழுதியது, குறைந்த விலை கேட்டவருக்கு வேலை போகும், ஆனால் இரண்டாவது குறைந்த விலையைக் கொடுப்பார்கள். படிக்க அருமை. ஆனால் எங்கள் கோளாறு ஏலத்தில் இருக்கவில்லை. சம்பளச் சீட்டில் இருந்தது. கேள்விக்கும் ஊக்கத்தொகைக்கும் இருந்த தொடர்பை வெட்டி, லைன் உண்மையில் ஓடிய வேகத்தை மெஷினிலிருந்தே எடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. அந்த அக்கா அதற்கு முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார்.

ஆகவே அச்சுமை, அந்தக் கொம்பனிக்காரர்கள் அடுத்த முறை வரும்போது ஒன்று கேளுங்கள். கேள்விக்கான இலக்கத்தை யார் போடுவது, அந்த இலக்கத்தால் யாருடைய சம்பளம் மாறும்? இதற்குப் பதில் இல்லை என்றால் மற்றது எல்லாம் பிறகு.

கணக்கு (புதன், இரவு 11.15)

அக்கா, இதை எங்கள் விரிவுரையில் யாரும் சொல்லவில்லை. நன்றி.

என் நிலைப்பாட்டையும் கொஞ்சம் திருத்துகிறேன். பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் வான் பிரசலும் கூட்டாளிகளும் 1998இல் ப்ரோசா என்று ஒரு வடிவமைப்பை வெளியிட்டார்கள். அதில் மூன்று அடிப்படை ஏஜென்ட். ஓடர் (இந்த வேலை முடிய வேண்டும்), பொருள் (இதை இப்படித்தான் செய்ய வேண்டும்), வளம் (என்னால் இது முடியும்). நான்காவதாக ஓர் ஆலோசகர். அவர் முழுத் தொழிற்சாலையையும் பார்த்து நல்ல திட்டம் ஒன்றைச் சொல்வார், ஆனால் கட்டளை இட மாட்டார். நிலைமை அமைதியாக இருக்கும்போது மற்றவர்கள் அவர் சொல்வதைக் கேட்கலாம். ரீல் நனைந்தாலோ கரண்ட் போனாலோ அவரை விட்டுவிட்டுத் தாங்களே பேசி முடிக்கலாம். என் தீர்வு மென்பொருள் அந்த ஆலோசகர் நாற்காலியில் உட்காரலாம். லேத் அண்ணாவின் மெஷின்கள் வளம். அப்போது நானும் அவரும் சண்டை பிடிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. என் சிவப்பு, மஞ்சள் கணக்கில் உண்மையில் விடுபட்டவர் யார் தெரியுமா? லொறி. அது அங்கே பேசவே இல்லை. லொறிக்கும் ஓர் ஏஜென்ட் இருந்து, "இந்த இரண்டு ஓடரும் எனக்கு ஒன்றாக வேண்டும், சேர்த்துக் கேள்வி போடுங்கள்" என்று கேட்டிருந்தால் 112 தானாக வந்திருக்கும்.

கடலோரப்பாதை (வியாழன், காலை 8.30)

வெள்ளவத்தையில் இருந்து சொப்ட்வெயர் எழுதுகிறேன். ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். இப்போது "ஏஜென்ட்" என்று விற்பதில் பெரும்பகுதி சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளைக் கொண்டு செய்தது. நீங்கள் பேசும் ஏஜென்ட் வேறு. 1996இல் தொடங்கிய ஃபிபா (FIPA, கால்பந்து ஃபிபா இல்லை) என்ற அமைப்பு ஏஜென்ட்கள் பேசும் செய்தி வகைகளையே தரப்படுத்தியது. கேள்வி கோரல், முன்மொழிவு, ஏற்றல், மறுத்தல், தகவல். இத்தாலியின் டெலிகொம் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஜேட் என்ற ஜாவா கட்டமைப்பு அந்தத் தரத்தின்படி வேலை செய்தது. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அர்த்தம்தான். "ஏற்றேன்" என்றால் ஏற்றதுதான். 89 என்றால் 89தான்.

மொழி மாதிரியை மெஷின் பேரத்துக்குள் விட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கழுவ எவ்வளவு நேரம் என்பதை அது ஊகித்துச் சொல்லக்கூடாது, அட்டவணையிலிருந்து வர வேண்டும். அதற்கு நல்ல இடம் வாசல்தான். வாடிக்கையாளர் வட்ஸ்அப்பில், பாதி ஆங்கிலம் பாதி சிங்களத்தில், "முன்ன கேட்ட 3,000ஐ 4,500 ஆக்குங்க, வெள்ளிக்குள்ள வேணும்" என்று அனுப்புவார். அதை வாசித்து ஓடர் மாற்றமாக எழுதி, ஒரு மனிதர் பார்த்துச் சரி என்ற பிறகு உள்ளே அனுப்பலாம். அது உண்மையில் உதவும்.

பழைய மெஷினுக்கு: எண்ணும் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சென்சர், சின்ன வைஃபை போர்ட் ஒன்று, எம்கியூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை வழியாகச் செய்தி. மெஷினைத் தொடவே வேண்டாம். பீஎல்சி உள்ளதற்கு மொட்பஸ் என்ற தொடர்பு முறை இருக்கும், 1979இல் வந்தது, இன்னும் ஓடுகிறது. இரண்டையும் ஒரே மேசைக் கணினி வாசிக்கும்.

லேத் (வியாழன், காலை 8.55)

இதை நான் ஒரு ஞாயிறு வந்து மாட்டித் தருவேன். காசு வேண்டாம், பிளேன்டீ போதும்.

அச்சுமை (மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 8.20)

இழையைத் தூக்கி மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். சொல்ல நிறைய இருக்கிறது.

சொப்ட்வெயர் வாங்கவில்லை. அக்காவின் கேள்வியை அந்தக் கொம்பனிக்காரர்களிடம் கேட்டேன். நேர்மையாக, "அதை நாங்கள் யோசிக்கவில்லை" என்றார்கள். அதற்கு நான் அவர்களை மதிக்கிறேன். நிர்வாகத்திடம் ஒரு மாதம் கேட்டு, அதை முதலில் கையால் ஆடிப் பார்த்தோம். ஓடர் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. பிளெக்ஸோ இரண்டுக்கும் டை வெட்டுக்கும் வெள்ளைப் பலகை. அட்டை வந்தால் ஓப்பரேட்டர் தன் நிமிடக் கணக்கைப் பலகையில் எழுதுவார். லொறி அட்டை டெலிவரியில் இருக்கும் தங்கச்சியின் கையில். ஒன்றாகப் போக வேண்டிய ஓடர்களை அவள் கிளிப் போட்டுத்தான் தருவாள், தனித்தனியாகக் கேட்க யாருக்கும் அனுமதி இல்லை. பிளெக்ஸோ முன்னால் எட்டுக் கட்டுக்கு மேல் மட்டை நின்றால் கொறுகேற்றர் அந்த மெஷினுக்குரிய அடுத்த ஓடரை ஏற்றக்கூடாது. தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம். எழுதிய நிமிடத்தால் யாருக்கும் சம்பளத்தில் ஒன்றும் கூடாது, குறையாது என்று முதல் நாளே மேலாளரைக் கொண்டு எல்லோர் முன்னாலும் சொல்ல வைத்தேன், சிங்களத்திலும் தமிழிலும்.

எல்லைக் கோட்டுக்குத்தான் பெரிய எதிர்ப்பு. கொறுகேற்றர் இரண்டு தடவை நின்றது. அந்த இரண்டு தடவையும் மேலாளர் எனக்குப் பக்கத்தில் வந்து ஒன்றும் பேசாமல் நின்றார். ஆனால் ஃபோர்க்லிப்ட்காரர் இப்போது அடியில் தேடுவதில்லை.

நான் எதிர்பார்க்காதது ஒன்று. இரண்டாம் கிழமை செவ்வாய், அடைமழை. ஐந்தடுக்கு மட்டை ஓடர் ஒன்றுக்கு என் அட்டவணைப்படி இரண்டாம் மெஷினில் 70 நிமிடம். ஓப்பரேட்டர் 130 என்று எழுதினார். எனக்கு அக்காவின் கதை ஞாபகம் வந்து நெஞ்சு பக்கென்றது. போய்க் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கட்டின் மேலே இருந்த மட்டை ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். நான்கு மூலையும் தரையிலிருந்து ஒரு விரல் அளவு தூக்கி நின்றன. ஈரம் ஒரு பக்கக் கடதாசியில் ஏறி மற்றப் பக்கத்தில் ஏறாவிட்டால் மட்டை வளையும். வளைந்த மட்டை பிளெக்ஸோவில் சிக்கும், பாதி வேகத்தில்தான் ஓட்டலாம். அதே ஓடரை முதலாம் மெஷின் 115க்குக் கேட்டிருந்தது. பழைய மெஷின், ஏற்கனவே மெதுவானது, வளைந்த மட்டையால் அதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அட்டை அங்கே போனது. என் எக்செல்லில் மழை என்று ஒரு கட்டம் இருந்ததே இல்லை.

லேத் அண்ணா போன ஞாயிறு வந்து முதலாம் மெஷினில் சென்சர் மாட்டிவிட்டார். பிளேன்டீ இரண்டு குடித்தார். கடலோரப்பாதை செய்தி வகைகளை எழுதித் தந்திருக்கிறார், அடுத்த மாதம் பலகையை மெல்ல மெல்லத் திரைக்கு மாற்றுவோம். கணக்குத் தம்பியின் ஆலோசகர் இரவில் ஒரு தடவை ஓடி, காலையில் ஒரு தாள் தரும். அந்தத் தாளை நான் ஒட்டுவேன். பின்பற்றுவது கட்டாயம் இல்லை.

நூல்கண்டு (ஞாயிறு, இரவு 9.05)

வாசித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அந்த 130ஐ நீங்கள் போய்க் கேட்டீர்கள் பாருங்கள், அது நல்லது. திரைக்கு மாறிய பிறகு யார் போய்க் கேட்பார்கள்? இலக்கத்தோடு காரணத்தையும் எழுத இடம் வைப்பீர்களா?

அச்சுமை (ஞாயிறு, இரவு 9.30)

அதை அவரே கேட்டுவிட்டார் அக்கா. வெள்ளி மாலை பலகையில் நிமிடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்து, மேலே சிங்களத்தில் "ஏன்" என்று எழுதியிருக்கிறார். கீழே தமிழில் எழுத என்னிடம் மார்க்கரைத் தந்தார். இதுவரை அதில் மூன்று பதிவு: "மட்டை வளைவு", "பிளேட் தேய்ந்தது", "மை தடிப்பு, தண்ணி சேர்க்க வேணும்". கடலோரப்பாதை, முன்மொழிவுச் செய்தியில் அதற்கு ஒரு இடம் விடுங்கள். தெரிவு செய்யும் பட்டியலாக வேண்டாம், எழுதும் இடமாக, இரண்டு மொழியிலும்.